பதிவேட்டில் ஒரு துடுப்புக் கால்

சென்னை தரமணியில் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. 2002-ல் வந்த உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, அடுத்த ஆண்டு உருவான அமைப்பு அது. அந்தச் சட்டமும் அதன் விதிகளும் சொல்பவற்றில் ஒன்று என் மனதைவிட்டு அகலாதது. கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும். அந்தக் குழு அவ்வூர் மக்களைக் கலந்துகொண்டு ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன மூலிகை இருக்கிறது, அவற்றைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். மாதவ் காட்கில் போன்ற சூழலியலாளர்கள் 1990களிலேயே இந்த யோசனைக்காக உழைத்தவர்கள். உயிர்களைப் பற்றிய அறிவு ஆய்வகத்தில் மட்டும் இல்லை. ஆடு மேய்ப்பவரிடமும் வலை வீசுபவரிடமும் அது இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இதன் வேர்.

சட்டம் வந்து பல ஆண்டுகள் இந்த வேலை கிடப்பில் கிடந்தது. பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஐக் கெடுவாக வைத்தது. தவறும் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பின் நாடெங்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் எழுதி முடிக்கப்பட்டன. அக்கறையோடு செய்யப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஆனால் கெடுவுக்காக நிரப்பப்பட்ட அட்டவணையில் வரிசை எண் இருக்கும், இனத்தின் பெயர் இருக்கும், இடம் இருக்கும். மக்கள் இருக்க மாட்டார்கள். மக்கள் பதிவேடு என்று பெயர் பெற்ற ஒன்றைத் தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்த ஒருவரை உங்கள் தெருவில் தேடிப் பாருங்கள்.

இந்தப் பதிவேட்டை எழுதினால் மட்டும் போதாது, வரையவும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதுவும் அமர்த்தப்பட்ட ஓர் ஓவியர் அல்ல, அந்த இடத்தில் வாழ்கிறவர்களே கூடி உட்கார்ந்து வரைய வேண்டும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. கூடி வரையும்போது ஓர் ஊர் தன்னோடு வாழும் உயிர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத் தானே கண்டுகொள்கிறது. தெரியாததும் அப்போதுதான் வெளியே வருகிறது.

ஓவியத்துக்கு நம் நகரங்களில் குறைவில்லை. மேம்பாலத் தூண்களில் மயில் ஆடுகிறது. பூங்காச் சுவரில் புலி பாய்கிறது. தென்னமெரிக்கக் காட்டின் பஞ்சவர்ணக் கிளி, சென்னைக் கால்வாய் ஒன்றின் மதில்மேல் சிறகை விரித்திருக்கிறது. அந்தக் கால்வாயில் உண்மையிலேயே வந்து நிற்கும் மடையானும், கரையோர எருக்கஞ்செடியில் இலை தின்னும் வரிப் புழுவும் எந்தச் சுவரிலும் இல்லை. சுவரைப் படத்துக்குத் தயார் செய்யும்போது முதலில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? விரிசலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குகிறார்கள். பாசியைச் சுரண்டுகிறார்கள். குளவி கட்டிய மண்கூட்டைக் கரண்டியால் தட்டி விடுகிறார்கள். அதன்பின் வெள்ளையடித்து, அதன்மேல் இயற்கையை வரைகிறார்கள். அந்தச் சுவரில் இருந்த உயிர்களைப் படத்துக்கு முன்பே யாராவது வரைந்து வைத்திருந்தால் அது பதிவு. சுவரில் இப்போது இருப்பது அலங்காரம். அலங்காரத்தை நான் வெறுக்கவில்லை. குழந்தைகள் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால் அது இந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்த ஊரின் சுவரிலும் அதைப் பொருத்திவிடலாம்.

தென்சென்னையின் மீனவர் குப்பம் ஒன்றில், வலை பின்னும் கொட்டகையில், பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் காடாத் துணியை விரித்து வரைந்துகொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். அந்தக் கரையில் கிடைப்பவை, நடப்பவை, பறப்பவை எல்லாம் ஒரே துணியில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு சிறுமி நீலக்கால் நண்டு வரைந்தாள். ஓடும், கொடுக்கும் நன்றாகவே வந்திருந்தன. கால்கள் எல்லாவற்றையும் கூராக இழுத்து முடித்திருந்தாள். மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கிய ஓர் ஆயா குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா, காலெல்லாம் கூரா போட்டுகிற? கடேசிக் காலு ரெண்டும் தட்டையா, துடுப்பாட்டம் இருக்கணும் கண்ணு. இல்லாங்காட்டி அது எப்புடி நீந்தும்?”

“அப்போ மணல்ல ஓடுதே, அந்த நண்டுக்கு ஆயா?”

“அதுக்கு எல்லாமே கூருதான். அது கரையில ஓடுற நண்டு. இது தண்ணிக்குள்ளார போறது.”

சிறுமி அழித்து மறுபடி வரைந்தாள். ஆயா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதுகில் மூன்று புள்ளி இருந்தால் முக்கண் நண்டு, சிலுவைக் குறி இருந்தால் சிலுவை நண்டு என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். சினை நண்டின் வயிற்றில் முட்டை முதலில் மஞ்சளாக இருந்து, பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும் என்றார். பிள்ளைகள் கேட்கக் கேட்கத் துணியின் ஓரம் முழுக்க நண்டாகிவிட்டது. கடலுயிரியல் படிப்பவர் ஒரு பருவம் முழுக்கக் கற்பதில் ஒரு பகுதி அன்று அந்தக் கொட்டகையில் ஒரு மதியத்துக்குள் கைமாறியது. அந்த ஆயாவிடம் போய் “உங்களுக்குத் தெரிந்த நண்டு இனங்களைச் சொல்லுங்கள்” என்று படிவத்தோடு நின்றிருந்தால் இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். தவறாக வரையப்பட்ட ஒரு காலைப் பார்த்ததும் அவரால் சும்மா போக முடியவில்லை.

கூடி வரைவதன் வலு இதில்தான் இருக்கிறது. செல்பேசியில் படமெடுத்துச் செயலியில் ஏற்றினால் அது பெயரைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிவுகளின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, எத்தனையோ இளைஞர்களை ஏரிக்கரைக்கு அழைத்து வந்திருக்கிறது. ஆனால் படமெடுக்கிறவர் நண்டின் கடைசிக் கால் எப்படி இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. கருவியே அதைச் செய்துவிடுகிறது. வரைகிறவர் ஒவ்வொரு காலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் தவறினால் அருகில் இருப்பவர் திருத்துகிறார். திருத்தியவரோடு இன்னொருவர் ஒத்துப்போகாமல் வாதிடுகிறார். அந்த வாதமும் பதிவின் ஒரு பகுதிதான்.

அதே துணியில் அடையாற்று முகத்துவாரத்தை வரைய வேண்டி வந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கோட்டை இழுத்தார். பெரியவர் ஒருவர் சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ளங்கையால் அகலமாகத் தீற்றினார். மழைக்காலத்தில் வாய் இங்கே திறக்கும், கோடையில் மணல் அடைத்துவிடும், மறுவருஷம் இன்னும் தள்ளித் திறக்கும் என்றார். அரசு வரைபடங்களில் முகத்துவாரம் ஒரு கோடு. அவர் கையில் அது ஒரு நடமாட்டம். அந்த மணல்திட்டு அடைவதையும் திறப்பதையும் நம்பித்தான் இறாலும் மடவையும் ஆற்றுக்குள் ஏறி வளர்கின்றன. கோட்டை நம்பித் திட்டம் போடுகிறவர் அந்த உயிர்களைக் கணக்கில் எடுக்காமல் போட்டுவிடுவார்.

இந்த நகரத்தில் உயிர்களை வரைந்து வைக்கும் வழக்கம் புதிதல்ல. 1801-ல் சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக ஹென்றி குவில்லிம் கப்பலில் வந்து இறங்கினார். உடன் வந்த அவர் மனைவி எலிசபெத் குவில்லிம், 1807-ல் இங்கேயே இறந்துபோகும்வரை, சென்னைப் பறவைகளை வரைந்துகொண்டிருந்தார். 100-க்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்கள். பல, பறவையின் உண்மையான உருவளவிலேயே வரையப்பட்டவை. அமெரிக்கப் பறவைகளை ஆடுபான் என்ற ஓவியர் அப்படி வெளியிடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அந்த ஓவியங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1920களில் லண்டனில் கேசி வுட் என்பவர் கண்ணில் பட்டு, இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. உடன் வந்த தங்கை மேரி சைமண்ட்ஸும் ஓவியர். சகோதரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அன்றைய சென்னையின் தோட்டமும் சந்தையும் கடற்கரையும் நிறைந்திருக்கின்றன.

அந்த ஓவியங்களின் முன் எனக்கு வணக்கம் உண்டு. ஒவ்வோர் இறகையும் அவ்வளவு பொறுமையோடு பார்த்த கண் அது. ஆனால் அந்தப் பறவைகளைக் காயமில்லாமல் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எந்தச் சதுப்பில் எந்தப் பருவத்தில் எது வரும், எதை எந்தக் கண்ணியில் பிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இல்லையென்றால் ஓவியமே இல்லை. வரைந்தவரின் பெயரை இன்று மெக்கில் அறிகிறது. பிடித்துவந்தவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து, ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் தென்னிந்தியச் செடிகொடிகளைப் படங்களாகச் சென்னையில் வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை வந்த அவருடைய பெருந்தொகுப்பில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காக வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். வைட் அவர்களை மறைக்கவில்லை. ஆர்க்கிட் வகை ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அக்காலத்தில் அது அரிய மரியாதை. ஆயினும் அந்த இருவரின் வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம். ஒரு நிலத்தின் உயிர்களைப் பதிவு செய்கிற வேலையில், அறிந்து சொன்னவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர் என்பதே நமக்கு வந்து சேர்ந்த ஏற்பாடு. கூடி வரையும் துணியின் ஓரத்தில் அந்தச் சிறுமியும் ஆயாவும் கையெழுத்துப் போடும்போது இந்த ஏற்பாடு மாறுகிறது. அறிந்தவரும் வரைந்தவரும் பெயருக்குரியவரும் ஒரே தெருக்காரர்கள் ஆகிறார்கள்.

இங்கிலாந்தில் 1980களில் ‘காமன் கிரவுண்ட்’ என்ற சிறிய அமைப்பு இதையொத்த ஒன்றைத் தொடங்கியது. சூ கிளிஃபோர்டும் ஏஞ்சலா கிங்கும் அதன் முன்னோடிகள். ஊர்க்காரர்களே தங்கள் ஊரின் வரைபடத்தைத் தயாரிக்க வேண்டும் என்றார்கள். நிபுணர் வர வேண்டியதில்லை. அளவுகோல் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் உங்களுக்கு எது முக்கியம் என்ற ஒரே கேள்விதான். பல ஊர்களில் பெண்கள் பூத்தையலாகத் தைத்தார்கள். சிலர் துணியிலும் காகிதத்திலும் தீட்டினார்கள். பழைய ஆப்பிள் மரம், வேலிப் புதர், வழிநடைப் பாதை, ஆண்டுதோறும் வரும் பறவை எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. அத்தகைய ஊர்ப்படங்கள் பின்னர் நாடெங்கும் பெருகின. அரிய உயிரினங்களுக்குக் காப்பகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அன்றாடம் கண்ணில் படும் சாதாரண உயிர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நகர உயிர்களைப் பற்றிப் பேசும் எவருக்கும் இந்தக் கேள்வி நெருக்கமானது. வால்காக்கையும் செண்பகமும் மரநாயும் எந்த அபாயப் பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை. அவை நம் மாமரத்திலும் கூரைப் பரணிலும் இருக்கின்றன. அங்கிருந்து போய்விட்டால், போனது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

சென்னையில் இதைச் செய்ய எனக்கு முதலில் தோன்றும் இடம் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000 தொடங்கி அங்கே குடியேற்றப்பட்டன. 2020-ல் அந்தக் குடியிருப்புகளின் சுவர்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த ஓவியர்கள் பெரிய சித்திரங்களை வரைந்தார்கள். அங்குள்ள மனிதர்களின் முகங்கள் மாடி உயரத்துக்கு எழுந்து நின்றன. நகரம் திரும்பிப் பார்க்க மறுத்த ஓரிடத்தை அந்த வண்ணங்கள் பார்க்க வைத்தன. அது சிறிய காரியமல்ல. அடுத்த படியாக அம்மக்களே வரைய வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அவர்கள் இரண்டு நீர்நிலைகளை அறிந்தவர்கள். ஒன்று, அவர்கள் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரை. மற்றொன்று, இன்று அவர்கள் வசிக்கும் தென்புறத்துச் சதுப்பு நிலம்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அங்கிருந்து தூரமில்லை. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து கிடந்து, சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி அனுப்பிய நிலம். சாலையும் குடியிருப்பும் அலுவலகக் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் அதைச் சுருக்கின. 2022-ல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் உள்ள பரப்பு 1,247 ஹெக்டேர். பூநாரைகள் இன்றும் வருகின்றன. நீலத் தாழைக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் நாமக்கோழியும் கோரைப் புல்லுக்குள் குஞ்சு பொரிக்கவும் இரை தேடவும் செய்கின்றன. மழைநீர் வீட்டுக்குள் ஏறும்போது எந்தத் திசையிலிருந்து ஏறுகிறது, எந்தத் தவளை முதலில் கத்துகிறது, எந்த மாதம் கொசு பெருகுகிறது என்று அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த அறிவு துயரத்தின் வழியே வந்தது. அப்படி வந்ததாலேயே அதற்கு மதிப்புக் குறையாது. அவர்கள் வரையும் சதுப்பு நிலத்தில் பூநாரையும் இருக்கும், இடுப்பளவு தண்ணீரும் இருக்கும். இயற்கையை வேடிக்கை பார்க்க வருகிறவர் ஒன்றை மட்டும் வரைவார். அதில் வாழ்கிறவர் இரண்டையும் வரைவார்.

வரைந்தால் என்ன காப்பாற்றப்படும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 1988 முதல் மாணவர்கள் இரவு இரவாக அந்தக் கரையில் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அவ்வளவு பேருடைய உழைப்புக்கும் மேலாக, ஆமைகளைச் சிக்கவைக்கும் இழுவலையின் வீச்சு இருந்தது. சுவரில் வரைந்த ஆமை ஒரு வலையையும் தடுக்காது. ஓவியம் சட்டத்தின் இடத்தையோ ரோந்துப் படகின் இடத்தையோ எடுத்துக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்லிப் பணத்தைச் சுவருக்கு மட்டும் செலவழிக்கும் எந்தத் திட்டத்தையும் நாம் எதிர்க்க வேண்டும்.

ஆனால் வரைபடம் என்பது அதிகாரம் உள்ள பொருள் என்பதையும் இதே கடற்கரை நமக்குக் காட்டியிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தை அரசின் கடலோர வரைபடம் ஒன்றிலிருந்து அழித்துவிட்டார்கள் என்று 2017-ல் மீனவர்களும் சூழல் செயல்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது, பின்னால் வந்ததில் காணோம் என்பது அவர்கள் வாதம். இறால் தடவிப் பிடிக்கும் ஆற்றைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கினால், அதன்மேல் சாம்பலும் மண்ணும் கொட்டுவதற்குத் தடை குறைந்துவிடுகிறது. அப்போது உதவியது பழைய வரைபடம்தான். யாரோ ஒருகாலத்தில் ஒழுங்காக வரைந்து, ஒருவரிடம் பத்திரமாக இருந்ததால்தான் இது இங்கே இருந்தது என்று சொல்ல முடிந்தது.

இன்று பத்து வயதாகும் பிள்ளைக்குத் தன் தெருவில் சிட்டுக்குருவி இல்லாதது இயல்பு. அதன் தாத்தாவுக்கு அது இழப்பு. இருவரும் ஒரே துணியின் முன் உட்கார்ந்து, “இங்கே என்ன வரையட்டும்” என்று பேசத் தொடங்கும் வரை அந்த இழப்பு தலைமுறை தாண்டாது. எண்ணிக்கை அட்டவணை இன்று இருப்பதைச் சொல்லும். கூடி வரைந்த படம், இருந்ததையும் அதே இடத்தில் வைத்துக் காட்டும். வந்துபோனது எது, நின்றுவிட்டது எது, புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது எது என்று தெருவே தன் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். சென்னை மாநகராட்சியில் 200 வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மாநகராட்சிப் பள்ளியோ சமுதாயக் கூடமோ மீனவர் கொட்டகையோ இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்தபின், அங்கே ஒரு துணி விரிக்கப்பட வேண்டும். துப்புரவுப் பணியாளர், தோட்டக்காரர், கீரை விற்பவர், மீன்காரம்மா, இரவுக் காவலாளி, வீட்டு மாடியில் செடி வளர்ப்பவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அழைக்கப்பட வேண்டும். இரவுக் காவலாளிக்கு மரநாயைத் தெரியும். கீரை விற்பவருக்கு எந்தக் காலி மனையில் மூக்கிரட்டை படர்ந்திருக்கிறது என்று தெரியும். பறவையியலாளரும் தாவரவியலாளரும் வரட்டும், கூட உட்காரட்டும், கேட்டால் சொல்லட்டும். ஒவ்வொரு உருவத்தின் கீழும் பார்த்த மாதமும், ஊரில் வழங்கும் பெயரும், வரைந்தவர் கையெழுத்தும், திருத்திச் சொன்னவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். படம் அலுவலக அலமாரிக்குள் போகாமல் ரேஷன் கடையிலோ வார்டு அலுவலக வாசலிலோ எல்லோரும் பார்க்கத் தொங்க வேண்டும். அதன் நகல் சட்டப்படியான பதிவேட்டில் ஒரு பக்கமாகச் சேர வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. மக்களைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்ற சொற்கள் அதில் எழுதப்பட்டே இருக்கின்றன. அந்தச் சொற்களை மெய்யாக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு வட்டம் இப்படிப் பத்து ஆண்டு செய்துவிட்டால் பத்துத் துணிகள் சேரும். பிறகு ஒருநாள் அங்கே உள்ள குட்டையை மூட வேண்டும், ஒதியமரத்தை வெட்ட வேண்டும், முகத்துவாரத்தில் சுவர் எழுப்ப வேண்டும் என்று யாராவது ஒரு கோப்போடு வரும்போது, அங்கே ஒன்றுமில்லை, வெறும் புறம்போக்கு என்று எழுதிவிட அவரால் முடியாது. அந்த இடத்தில் என்னவெல்லாம் வாழ்கிறது என்பதை அந்த இடத்தின் மக்கள் மாதத்தோடு வரைந்து, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.